பிளாக் பெல்ட்: போராட்ட மண்ணின் மரபைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தின் குறுக்கே ஒரு பட்டையாகக் கிடக்கிறது பிளாக் பெல்ட் என்ற கிராமப்புற வட்டாரம். கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் 1965-இல் உச்சத்துக்குப் போனது இங்கேதான். பண்ணை வீடு, மரத் தேவாலயம், பாட்டு, கந்தலில் தைத்த போர்வை என்று அந்த வரலாறு எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. அதை யார் காக்கிறார்கள், எப்படிக் காக்கிறார்கள், காத்தால் யாருக்குப் பலன் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

பிளாக் பெல்ட் என்பது எந்தப் பகுதி?

சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த கரிய களிமண் நிலம். பருத்தி நன்றாக விளையும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெரிய தோட்டங்கள் வந்தன, அவற்றில் உழைக்க அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதே நிலத்தில் வாரச் சாகுபடி செய்து, கடையில் கடன் வாங்கி, அறுவடை முடிந்தால் கடனே மிச்சம் என்ற நிலையில் வாழ்ந்தார்கள். இன்றும் இந்த வட்டாரத்தின் பல கவுண்டிகளில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. டாலஸ், லவுண்டஸ், பெர்ரி, வில்காக்ஸ், ஹேல், சம்டர், மேக்கன் ஆகியவை இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும் கவுண்டிகள். கவுண்டி என்பதை ஒரு சிறிய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்மா என்ற ஊரைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். சுற்றியுள்ள கிராமங்களுக்கு இதில் என்ன பங்கு?

நிறைய. செல்மா பேரணிக்கான பொறியே அங்கே பற்றவில்லை. பெர்ரி கவுண்டியில் உள்ள மேரியன் என்ற சிற்றூரில்தான் பற்றியது. 1965 பிப்ரவரி 18 இரவு, அங்குள்ள சயன் மெதடிஸ்ட் தேவாலயத்தில் கூடியவர்கள் சிறையிலிருந்த தங்கள் தோழர் ஒருவருக்காக ஊர்வலம் புறப்பட்டார்கள். காவலர்கள் அடித்து விரட்டினார்கள். பக்கத்து உணவகத்துக்குள் தஞ்சம் புகுந்த ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். எட்டு நாள் கழித்து, செல்மாவில் ஒரு மருத்துவமனையில் ஜாக்சன் இறந்தார். சுட்டவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2010-இல்! கிடைத்த தண்டனை ஆறு மாதம்.

அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டுத்தான் மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்கு நடந்தே போவது என்று முடிவானது. மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தார்கள். மறுகரையில் தடியும் கண்ணீர்ப்புகையும் காத்திருந்தன. முன்வரிசையில் வந்த இளம் தலைவர் ஜான் லூயிஸின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. மார்ச் 21-இல் நீதிமன்ற அனுமதியோடும் படைப் பாதுகாப்போடும் மீண்டும் புறப்பட்டு, 25-இல் மாண்ட்கமரியைச் சேர்ந்தார்கள். முடிவில் கூட்டம் சுமார் 25,000. ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

பள்ளிப் புத்தகத்தில் வரும் கதை பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் நடந்த தூரம் 54 மைல். பாலம் அதில் முதல் சில நிமிடம். மற்றதெல்லாம் கிராமத்துச் சாலை.

அந்தச் சாலையில் இரவுகளில் எங்கே தங்கினார்கள்?

கறுப்பின விவசாயிகளின் நிலத்தில், கூடாரம் போட்டு. முதல் இரவு டேவிட் ஹால் பண்ணை, இரண்டாம் இரவு ரோஸி ஸ்டீல் பண்ணை, மூன்றாம் இரவு ராபர்ட் கார்ட்னர் பண்ணை. நான்காவது இரவு மாண்ட்கமரியின் விளிம்பில் உள்ள செயின்ட் ஜூட் கத்தோலிக்க வளாகம். இடம் கொடுத்தவர்கள் மேடையேறியவர்கள் இல்லை. பேரணி கடந்து போன பிறகும் அதே ஊரில், அதே அக்கம்பக்கத்தாரோடு வாழ வேண்டியவர்கள். என்னைக் கேட்டால் இந்தப் போராட்டத்திலேயே ஆகப் பெரிய துணிச்சல் இதுதான். தலைவர்கள் மறுநாள் விமானம் ஏறிவிடலாம், ரோஸி ஸ்டீல் எங்கே போவார்?

இந்த மூன்று பண்ணைகளையும் 2021-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, ஆபத்திலிருக்கும் 11 இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வீடுகள் பழுதாகிக் கிடந்தன. ஹால், கார்ட்னர் குடும்பத்தார் நிலத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள், வீட்டைச் சீர்செய்யத்தான் பணம் வேண்டும்.

லவுண்டஸ் கவுண்டியை ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

1965 தொடங்கியபோது லவுண்டஸில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பேரணி முடிந்த இரவு, ஆட்களைக் காரில் திருப்பிக் கொண்டுவிட்டு வந்துகொண்டிருந்த வயோலா லியூஸோ என்ற டெட்ராய்ட் பெண்மணியை இந்தக் கவுண்டி வழியே ஓடும் நெடுஞ்சாலையில்தான் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹேன்வில் ஊரில் ஒரு கடை வாசலில் கொல்லப்பட்டார். 'ரத்த லவுண்டஸ்' என்றே இதற்குப் பெயர்.

பெரும்பாலான இயக்கங்கள் பேரணியோடு கிளம்பிவிட்டன. எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஸ்டோக்லி கார்மைக்கேலும் சில தோழர்களும் மட்டும் தங்கினார்கள். ஜான் ஹுலெட் போன்ற உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து, லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு என்று ஒரு தனிக் கட்சியே கட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும், ஆகவே வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு சின்னம் தேவை. அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேலேயே வெள்ளையர் மேலாதிக்கம் என்று எழுதியிருக்கும். இவர்கள் பாயும் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கிய, உலகமே அறிந்த பிளாக் பேந்தர் (கருஞ்சிறுத்தை) கட்சி அந்தச் சின்னத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டது இந்தக் கிராமத்து விவசாயிகளிடமிருந்துதான். லவுண்டஸ்காரர்கள் 1966 தேர்தலில் தோற்றார்கள். 1970-இல் ஹுலெட் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் ஆனார்.

இதற்கு நடுவில் கொடுத்த விலையும் உண்டு. வாக்காளராகப் பதிவு செய்த வாரச் சாகுபடிக் குடும்பங்களை நில உடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். 1965 டிசம்பரிலிருந்து அவர்கள் 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். இரவில் கூடாரங்களை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தக் 'கூடார நகரம்' நீடித்தது. தேசியப் பூங்காத் துறை 2006-இல் அதே இடத்தில் ஒரு விளக்க மையம் திறந்தது. செல்மாவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் பயணிகள் இங்கே கட்டாயம் நிற்க வேண்டும்.

பணம் கொடுத்தால் பழைய வீடுகளைச் சீர்செய்துவிடலாம்தானே? ஏன் இழுக்கிறது?

பல இடங்களில் முதல் தடை பத்திரம். இந்தக் கிராமங்களில் உயில் எழுதும் பழக்கம் குறைவு. வழக்கறிஞரிடம் போகக் காசில்லை, நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கையும் இல்லை. தாத்தா இறந்தால் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது, அவர்கள் இறந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கும் பொது. நம்மூர்க் கூட்டுப் பட்டா எப்படியோ அப்படி, மூன்று தலைமுறை கழிந்தால் ஒரு சின்ன வீட்டுக்கு நாற்பது உரிமைக்காரர்கள், அதில் பாதிப் பேர் சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ. எல்லோரும் கையெழுத்துப் போடாமல் மானியம் வாங்க முடியாது, வங்கிக் கடனும் கிடைக்காது. இன்னும் மோசம் என்னவென்றால், எங்கோ இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் ஒருவர் சல்லிசாக வாங்கி, பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. தெற்கே கறுப்பின விவசாயிகள் நிலம் இழந்த பெரிய வழிகளில் இது ஒன்று. இதைத் தடுக்க, மற்றப் பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ள வாய்ப்பளிக்கும் புதிய சட்டத்தை அலபாமா உட்படப் பல மாநிலங்கள் கொண்டுவந்திருக்கின்றன.

அடுத்தது மண். பருத்திக்கு நல்ல களிமண் வீட்டுக்கு நல்லதல்ல. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் அசையும், சுவர் விரியும். கரையான் வேறு.

தேவாலயங்களின் நிலை என்ன?

போராட்டத்தில் தேவாலயம்தான் கூட்ட அரங்கு, தகவல் மையம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம். வெள்ளையருக்குச் சொந்தமில்லாத, பலர் கூடக்கூடிய கட்டடம் ஊரில் அது ஒன்றுதான். செல்மாவின் பிரவுன் சேப்பல் 1908-இல் கட்டியது. பேரணிகள் புறப்பட்ட வாசல் அதுதான். கரையானும் நீர்க்கசிவும் அரித்த நிலையில் 2022-இல் அதுவும் அந்த 11 இடங்கள் பட்டியலில் வந்தது. 2023 ஜனவரி 12-இல் ஒரு சூறாவளி செல்மாவைக் கிழித்துக்கொண்டு போனது வேறு.

புகழ்பெற்ற தேவாலயத்துக்காவது மானியம் வரும். கிராமத்தில் இருபது, முப்பது முதியவர்கள் மட்டும் வரும் தேவாலயங்கள் ஏராளம். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்டால் கூரையை யார் மாற்றுவது? என் பார்வையில், கட்டடத்துக்கு வரும் மானியத்தோடு, ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க, கரையான் மருந்து அடிக்க ஒரு சின்ன நிதியும் சேர்த்துக் கொடுத்தால் பல கட்டடங்கள் அவசர சிகிச்சைக்கே போகாது.

செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங் தங்கிய வீட்டை வேறு மாநிலத்துக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்களாமே?

ஆமாம். பல் மருத்துவர் சல்லிவன் ஜாக்சனும் மனைவி ரிச்சி ஜீனும் வாழ்ந்த வீடு. 1965-இல் கிங்குக்கு அதுதான் செல்மா முகவரி. அங்கிருந்துதான் அதிபர் ஜான்சனோடு தொலைபேசியில் பேசினார். அந்த வீட்டை மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் வாங்கிய செய்தி 2023-இல் வெளியானது. பகுதி பகுதியாகப் பிரித்து, 800 மைலுக்கும் மேல் கொண்டுபோனார்கள்.

குடும்பத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டைப் பல ஆண்டுகள் தாங்களே பராமரித்தார்கள், வயதாகிறது, நாளை என்ன ஆகும் என்ற கவலை. பெரிய அருங்காட்சியகம் என்றால் தீ, கரையான், சூறாவளி எதற்கும் பயமில்லை. செல்மாவை விடப் பல மடங்கு மக்கள் பார்ப்பார்கள்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் தெரு, பக்கத்து வீட்டார், எங்கே காவலர் நின்றார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அதன் வரலாறு. டியர்பார்னில் நாற்காலியும் தட்டும் கிடைக்கும், தெரு கிடைக்காது. செல்மாவுக்கு வரும் பயணி பார்க்க ஒன்று குறைந்தது, ஊருக்கு வரும் வருமானத்திலும் அவ்வளவு குறைந்தது. குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இத்தனை முக்கியமான வீட்டை அங்கேயே வைத்துக் காக்க மாநிலமோ கூட்டாட்சி அரசோ முன்பே ஒரு வழி செய்திருக்க வேண்டும்.

'தேசிய மரபு வட்டாரம்' என்று அறிவித்திருக்கிறார்களே, அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்ளாது. 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அலபாமா பிளாக் பெல்ட்டின் 19 கவுண்டிகளைத் தேசிய மரபு வட்டாரமாக அறிவித்தது. தனியார் நிலம் தனியாரிடமே இருக்கும். எதைக் காப்பது, எப்படிச் சொல்வது என்ற திட்டத்தை உள்ளூர் அமைப்பு ஒன்று வகுக்கும், இங்கே அது லிவிங்ஸ்டனில் உள்ள மேற்கு அலபாமா பல்கலைக்கழகம். தேசியப் பூங்காத் துறை ஆலோசனை தரும், ஓரளவு பணமும் தரும், அதற்கு ஈடாக உள்ளூரிலும் பணமோ உழைப்போ திரட்ட வேண்டும். அந்த 'ஈடாக' என்ற இடத்தில்தான் ஏழைக் கவுண்டிகள் தடுமாறும்.

செல்மா முதல் மாண்ட்கமரி வரையான பாதையை 1996-இலேயே தேசிய வரலாற்றுத் தடமாக நாடாளுமன்றம் அறிவித்துவிட்டது. அது வேறு ஏற்பாடு.

ஜீஸ் பெண்ட் போர்வைகளுக்கும் வாக்குரிமைக்கும் என்ன சம்பந்தம்?

வில்காக்ஸ் கவுண்டியில் அலபாமா ஆறு ஒரு கொக்கி போல வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடம் ஜீஸ் பெண்ட். அரசுப் பதிவில் இப்போது பாய்க்கின் என்று பெயர். பெட்வே என்ற தோட்டக்காரரின் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் இங்கே வாழ்கிறார்கள், பலருக்கும் குடும்பப் பெயரே பெட்வே. வேலைக்குப் போட்டுக் கிழிந்த ஜீன்ஸ், மாவுச் சாக்கு, பழைய சட்டை எல்லாவற்றையும் வெட்டி, குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தார்கள். அளவெடுத்த மாதிரி எதுவும் கிடையாது. துணி எப்படி வருகிறதோ, கை எப்படிப் போகிறதோ அப்படி. இறந்த கணவரின் உடுப்பிலிருந்து தைத்த போர்வைகளும் உண்டு.

1932-இல் கடன் கொடுத்த ஒரு வணிகரின் குடும்பம் வந்து மாடு, கருவி, தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஊர் பட்டினி கிடந்தது. அப்புறம் ரூஸ்வெல்ட் அரசு தோட்டத்தை வாங்கி, 1940-களில் அங்கிருந்த குடும்பங்களுக்கே குறைந்த வட்டிக் கடனில் விற்றது. இது முக்கியம். சொந்த நிலம் இருந்ததால், லவுண்டஸில் நடந்தது போல இவர்களை ஒரே இரவில் வெளியேற்ற முடியவில்லை. கிங் 1965 பிப்ரவரியில் மழையில் இங்கே வந்து பேசினார், மக்கள் துணிந்து பதிவுக்குப் போனார்கள்.

பதிவு அலுவலகம் ஆற்றுக்கு அக்கரையில், கேம்டன் ஊரில். படகில் போனால் சில நிமிடம். அந்தப் படகுச் சேவை 1962-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. சாலை வழியே சுற்றினால் ஒரு மணி நேரப் பயணம். மருத்துவமனைக்கும் அதே சுற்று. படகு திரும்ப ஓடியது எப்போது தெரியுமா? 2006-இல். 44 ஆண்டுகள்!

1966-இல் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் உதவியோடு சுற்றுவட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின, பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது, 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தம் கிடைத்தது. வாக்காளராகப் பதிந்ததற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குச் சங்கம் தன் நிலத்தில் மனை கொடுத்தது. முதன்முதலாகத் தன் பெயரில் கூலி வாங்கிய பெண்கள் அவர்களில் பலர்.

இப்போது அந்தப் போர்வைகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. தைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை போன கண்காட்சி இந்தப் பெண்களை உலகக் கலைஞர்கள் ஆக்கியது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை போர்வைகளைத் தபால்தலையாக வெளியிட்டது. புகழ் வந்த வேகத்தில் பணம் ஊருக்கு வரவில்லை என்ற கசப்பும் வந்தது. சிலர் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள், 2008-இல் சமரசமானது.

பிறகு நிலை ஓரளவு மாறியிருக்கிறது. வடிவங்களைப் பயன்படுத்துவோர் காப்புரிமைத் தொகை தரும் ஏற்பாடு வந்தது. 2021 முதல் எட்ஸி இணையதளத்தில் தைப்பவர்களே நேரடியாக விற்கிறார்கள். 2022-இலிருந்து அக்டோபரில் ஊரெங்கும் கொடிகளில் போர்வைகளைக் காயப்போட்டு ஒரு திருவிழா நடக்கிறது. கலை மரபைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் இந்த இருபது ஆண்டுக் கதையைப் படிக்க வேண்டும். பொருளை யாரிடமும் விற்கலாம். வடிவத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை விற்பதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

பாட்டும் வாய்மொழி வரலாறும் பதிவாகியிருக்கின்றனவா?

சம்டர் கவுண்டியில் வேரா ஹால் என்றொரு பெண் இருந்தார். சமையல், துணி வெளுப்பு என்று வீட்டு வேலை செய்து பிழைத்தவர். அவர் பாடிய ஆன்மிகப் பாடல்களையும் வேலைப் பாட்டுகளையும், உள்ளூர் எழுத்தாளர் ரூபி பிக்கன்ஸ் டார்ட்டின் உதவியோடு நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் 1930-களின் பிற்பகுதியில் பதிவு செய்தார். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. வேரா ஹால் 1964-இல் இறந்தார். 1999-இல் மோபி என்ற இசைக்கலைஞர் பழைய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து அவர் குரலை எடுத்துத் தன் பாடலில் சேர்க்க, உலகம் முழுக்க அது ஒலித்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

போராட்டக்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய 2009-இல் தனிச் சட்டமே வந்தது. நாடாளுமன்ற நூலகமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனமும் சேர்ந்து பேட்டிகளைத் திரட்டி வைத்திருக்கின்றன. ஆனால் 1965-இல் 20 வயது இருந்தவருக்கு இப்போது 80-க்கு மேல். பேட்டி எடுக்கத் திட்ட அறிக்கை, நிதி, குழு என்று காத்திருக்க நேரமில்லை.

ஊர்க்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது என்ன?

கைப்பேசியே போதும். காற்றாடியை நிறுத்திவிட்டு, ஒருவரை மட்டும் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். 'பேரணி எப்படி இருந்தது' என்று கேட்டால் புத்தகத்தில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். 'அன்றைக்கு யார் சமைத்தார்கள், என்ன செருப்புப் போட்டிருந்தீர்கள், அடுத்த வாரம் முதலாளி என்ன சொன்னார்' என்று கேளுங்கள். பழைய புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவையுங்கள், பெயர் தெரியாத படத்தால் யாருக்கும் உதவியில்லை. இறுதிச் சடங்கு நிகழ்ச்சித் தாள், தேவாலய வரவு செலவுப் புத்தகம், வாக்காளர் பதிவுச் சீட்டு எதையும் குப்பை என்று எரிக்காதீர்கள். ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி ஒரு நூலகத்திலும் இருக்கட்டும். பேசியவரின் அனுமதியை எழுதி வாங்குவதும், பதிவின் நகலை அவருக்கே கொடுப்பதும் அவசியம்.

பெரிய அமைப்பு இல்லாமல் நடக்கும் அருங்காட்சியகம் ஏதாவது உண்டா?

ஹேல் கவுண்டியின் கிரீன்ஸ்பரோவில் ஒரு சின்ன வீடு. 1968 மார்ச்சில், தான் கொல்லப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, கிளான் தேடிக்கொண்டிருந்த இரவில் கிங் இங்கே ஒளிந்திருந்தார். கிங் குடும்பத்தின் நண்பரும் போராட்டத்தில் அடிபட்டவருமான தெரசா பரோஸ் அதை 'சேஃப் ஹவுஸ்' அருங்காட்சியகம் ஆக்கினார். பக்கத்தில் உள்ள நியூபர்னில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993 முதல் நடத்தும் கட்டடக்கலைப் பள்ளியான ரூரல் ஸ்டூடியோவின் மாணவர்கள் அந்த வீட்டைப் புதுப்பித்தார்கள். உள்ளூர் நினைவும் பக்கத்துக் கல்லூரியின் கைகளும் சேர்ந்தால் போதும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பழைய பள்ளிகள்?

கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், 1912 முதல் 1932 வரை தெற்கே கறுப்பினக் குழந்தைகளுக்கு 5,000-க்கு மேல் பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. முதல் பள்ளிகள் மேக்கன் கவுண்டியைச் சுற்றித்தான். ஊர்க்காரர்களும் பணம், மரம், உழைப்பு தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பெரும்பாலானவை இடிந்துவிட்டன. நோட்டசல்கா அருகே உள்ள ஷைலோ பள்ளி போன்ற சிலவற்றை அங்கே படித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே மீட்டிருக்கிறார்கள்.

பாலத்தின் பெயரை ஏன் இன்னும் மாற்றவில்லை?

எட்மண்ட் பெட்டஸ், அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி, பிறகு செனட்டர், அலபாமா கிளானின் தலைவர் என்றும் அறியப்பட்டவர். 2020 ஜூலையில் ஜான் லூயிஸ் இறந்தபோது அவர் பெயரை வைக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. 2017-இன் மாநிலச் சட்டம் ஒன்று 40 ஆண்டுக்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்களின் பெயரை மாற்றத் தடை போட்டிருக்கிறது. பாலம் 1940-இல் கட்டியது. சட்டம் ஒருபுறம் இருக்க, செல்மாவில் அடிபட்டவர்களிலேயே சிலர் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பெயரின் அடியில் நடந்து வென்றோம், அது அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். வெளியூரார் தீர்ப்புச் சொல்ல வேண்டிய விஷயமில்லை இது.

கொடூரமான நினைவுகளையும் காக்க வேண்டுமா?

மேக்கன் கவுண்டியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1997-இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். குடும்பத்தினருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஃபிரெட் கிரே டஸ்கீகியில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கி, அந்த ஆண்களின் பெயர்களை அங்கே வைத்தார். மாண்ட்கமரியில் 2018-இல் திறந்த நினைவிடத்தில் கும்பல் கொலைகள் நடந்த 800-க்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்கும் ஆளுக்கொரு இரும்புத் தூண் தொங்குகிறது. கொலை நடந்த இடத்து மண்ணை அந்தந்த ஊர் மக்களே எடுத்து, பெயர் எழுதிய ஜாடியில் நிரப்பித் தருகிறார்கள். காக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன.

சுற்றுலாவால் ஊருக்கு விடிவு வருமா?

அதை மட்டும் நம்ப முடியாது. 1960-இல் செல்மாவின் மக்கள்தொகை 28,000-க்கு மேல், 2020-இல் 18,000-க்கும் கீழ். 1977-இல் விமானப்படைத் தளம் மூடியது பெரிய அடி. மார்ச் முதல் வாரத்தில் பாலத்தைக் கடக்கும் ஆண்டு விழாவுக்கு அதிபர்களே வருவார்கள். திங்கட்கிழமை கடைத்தெரு மறுபடி காலி. பேருந்தில் வந்து, பாலத்தில் நடந்து, சாப்பாட்டுக்கு மாண்ட்கமரிக்குத் திரும்பிவிட்டால் செல்மாவுக்கு என்ன மிஞ்சும்?

லவுண்டஸில் இன்னொரு பிரச்சினை. தண்ணீரை இறங்கவிடாத அந்தக் களிமண்ணில் சாதாரண செப்டிக் டேங்க் வேலை செய்யாது. நவீன அமைப்புக்குச் செலவு அதிகம். பல வீடுகளின் கழிவு கொல்லையில் தேங்கி நிற்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் தெரிந்தது. சமூகச் செயற்பாட்டாளர் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதை நாடறியச் செய்தார். 2023-இல் கூட்டாட்சி அரசின் நீதித் துறை மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது, 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அதை ரத்து செய்தது. வாக்குரிமைக்காகக் கூடாரத்தில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கொல்லைகளில் விளையாடுகிறார்கள். விளக்க மையத்துக்கு வரும் பயணியிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஏதாவது குறிப்பு?

கார் இல்லாமல் முடியாது. மாண்ட்கமரியில் தங்கி, 80-ஆம் எண் சாலையில் செல்மா, அப்புறம் மேரியன், கிரீன்ஸ்பரோ என்று போகலாம். மேரியன், கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட்டின் சொந்த ஊர்ப்பக்கம், அவர்களின் திருமணமும் அங்கேதான் நடந்தது. லியூஸோ இறந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாக வேலி போட்ட ஒரு நினைவுக்கல் இருக்கிறது, கவனிக்காவிட்டால் தாண்டிவிடுவீர்கள். பண்ணைகள் தனியார் வீடுகள். சாலையிலிருந்து பாருங்கள், உள்ளே போகாதீர்கள். சின்ன அருங்காட்சியகங்கள் தன்னார்வலர்களால் நடப்பவை, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஜீஸ் பெண்ட் படகின் நேரத்தையும் அன்றன்று விசாரியுங்கள், காற்றும் வெள்ளமும் இருந்தால் ஓடாது. போர்வை வாங்குவதாக இருந்தால் தைத்தவரிடமே வாங்குங்கள், விலையைப் பேரம் பேசாதீர்கள். செல்மாவிலேயே சாப்பிடுங்கள்.